பள்ளி நிர்வாகப் பட்டயம்: பந்தலூர் மலையில் எது உதவியது, எது உதவவில்லை

பள்ளி நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் படிக்கலாமா என்று ஆசிரிய நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கோத்தகிரியில் பட்டதாரி ஆசிரியராக இருந்தபோது தபால் வழியில் அதைப் படித்து முடித்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை, இந்தப் படிப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். பிறகு பதவி உயர்வில் அதே நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் தாலுகாவில் ஓர் உயர்நிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தேன். அதுவும் ஆகிப் பல வருடங்கள் போய்விட்டதால் இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அரசுப் பள்ளியில் இந்தப் பட்டயத்தை வைத்துப் பதவி உயர்வு வராது. பணிமூப்புப் பட்டியலும் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் துறைத் தேர்வுகளும்தான் அங்கே பேசும். பில், கோப்பு, விடுப்பு விதி எல்லாம் அந்தத் தேர்வுகளுக்குப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டன. பட்டயத்தின் நிதிப் பாடமோ பூஜ்ய அடிப்படை பட்ஜெட் (ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு செலவையும் புதிதாக நியாயப்படுத்திப் போடும் பட்ஜெட்) என்று பெரிய கம்பெனி பாஷையில் போகும். நம் கைக்கு வருவது சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம். விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை என்றால் 50,000. அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. மிச்சத்தில் சாக்பீஸ், பதிவேடு, பல்பு. பந்தலூரில் ஜூன் பிறந்தால் ஒழுகும் ஓடுதான் முதல் செலவு. இதற்கு எந்தக் கோட்பாடும் வேண்டாம், நல்ல கொத்தனார் ஒருவர் போதும்.

மனிதரை எது உழைக்க வைக்கிறது என்று பேசும் மாஸ்லோவின் தேவைப் படிநிலை, மெக்ரிகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள் எல்லாம் தேர்வோடு சரி. மாஸ்லோ இல்லாத நிர்வாகப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்றுவரை என்னோடு தங்கியிருப்பது வகுப்பைப் பார்வையிடுவது பற்றிய பாடம். கிளினிக்கல் சூப்பர்விஷன் என்ற அந்த முறை, 1950களில் ஹார்வர்டில் மோரிஸ் கோகனும் அவரோடு இருந்தவர்களும் பயிற்சி ஆசிரியர்களோடு வேலை செய்தபோது உருவானது. வகுப்புக்குள் போகும் முன்பே ஆசிரியரோடு உட்கார்ந்து, இன்றைக்கு எதைக் கவனிக்கட்டும் என்று அவரையே கேட்க வேண்டும். வகுப்பில் அதை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், தீர்ப்பு எழுதக் கூடாது. பிறகு குறிப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நம் ஊரில் ஆய்வு என்றால் நடப்பதற்கு இது நேர் எதிர். பாடக்குறிப்பேட்டைப் புரட்டி, இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, நாலு வரி எழுதிவிட்டு ஜீப் ஏறுவதுதான் நமக்குப் பழக்கமான பார்வை.

என்னைவிட வயதில் மூத்த கணக்கு ஆசிரியர் ஒருவரிடம்தான் முதலில் கேட்டேன்.

“சார், நேரா விஷயத்துக்கு வாங்க. யார் கம்ப்ளெயின்ட் பண்ணாங்க?” என்றார்.

யாரும் பண்ணவில்லை என்று அவரை நம்ப வைக்கவே ஒரு பருவம் போனது. அப்புறம் ஒருநாள் அவராகவே, “நான் யார் யாரைக் கேள்வி கேக்கறேன், அதை மட்டும் பாருங்க” என்றார். பெஞ்சுகளைத் தாளில் வரைந்து, அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிகள் முன் பெஞ்சுகளிலேயே குவிந்து கிடந்தன. பணியர் பழங்குடிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில் ஒன்றுகூட இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், “அடுத்த வாரம் இன்னொரு தடவை வாங்க சார்” என்றார். கட்டிய ஃபீஸ் எனக்கு அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

ஆனால் இதை அடிக்கடி செய்ய முடியாது. சின்னப் பள்ளியில் தலைமையாசிரியரும் பாடம் எடுக்க வேண்டும், இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும், எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் வேலை கழுத்தில் நிற்கும். ஒவ்வோர் ஆசிரியருக்கும் பருவத்துக்கு ஒரு முறை என்றால் அதுவே பெரிய விஷயம். புத்தகம் எழுதியவர்கள் முழுநேர மேற்பார்வையாளரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஆண்டுத் திட்டம் பற்றிய பாடத்தைப் பாதி எடுத்துக்கொண்டேன். 6 முதல் 8 வகுப்புகளுக்கு 220 வேலை நாள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை விடுவதுண்டு, அன்றைக்கு ஊட்டியில் பள்ளி நடக்கும். ஈடுகட்டச் சனிக்கிழமை வைத்தால் வருகை குறையும். பாதையில் யானை நின்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். அதனால் ஜூன், ஜூலையில் முதல் பாடவேளையில் புதுப் பாடம் நடத்துவதில்லை, படித்ததைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. திட்டம் போடும் பழக்கத்தைப் படிப்பு கொடுத்தது, திட்டத்தின் உள்ளே இருப்பதை மழையும் யானையும் எழுதிக் கொடுத்தன.

பள்ளி மேலாண்மைக் குழு விஷயத்தில்தான் படிப்பு என்னை முழுக்கக் கைவிட்டது. சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பெற்றோர் வராததற்கு விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்று என் பாடநூலில் இருந்தது. தேயிலைக் கொழுந்து நிறைய வரும் சீசனில் வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைத்துவிட்டு, வராதவருக்கு விழிப்புணர்வு இல்லை என்றால் எப்படி? “சாருக்கு மாசச் சம்பளம். எங்களுக்கு எடை போட்டாத்தான் காசு” என்று ஓர் அக்கா முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கப்புறம் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். மறுநாள் வர முடியாதவர் சொன்னதும் தீர்மானத்துக்குள் வந்துவிடுகிறது.

பட்டயத்துக்காக எழுத வேண்டிய திட்டக் கட்டுரையைச் (புராஜெக்ட்) சுமையாக நினைக்காதீர்கள். கோத்தகிரியில் வருகைப் பதிவேட்டைக் கிழமைவாரியாக எண்ணிப் பார்த்தேன். திங்கள்கிழமைதான் அதிகம் பேர் வரவில்லை. வார இறுதியில் மேட்டுப்பாளையம், காரமடை பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பாதவர்கள். கேள்வித்தாள் அடித்து ஊரெல்லாம் சுற்றாமல் பள்ளியில் இருக்கும் பதிவேட்டையே படிக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. பந்தலூருக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை அதுதான்.

இப்போது சேர நினைப்பவர்களுக்கு: எம்.எட். படிப்பை ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சிலின் (என்.சி.டி.இ.) 2014 விதிகள் இரண்டு வருடமாக்கின, வேலையில் இருந்துகொண்டு மலையிலிருந்து இறங்கிப் படிப்பது கஷ்டம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) கல்வி மேலாண்மை, நிர்வாகத்துக்கு முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் மூன்று வருடத்தில் முடிக்கலாம். ஆங்கிலத்தில் படிக்கத் தயாராக இருக்க வேண்டும். பாடநூல்கள் இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பணம் கட்டும் முன் நிறுவன மேலாண்மைப் பகுதியை இறக்கிப் படித்துப் பாருங்கள், அது பிடித்தால் சேரலாம். வெறும் அறிமுகம் போதும் என்றால் டெல்லியில் கல்வித் திட்டமிடல், நிர்வாகத்துக்கான தேசிய நிறுவனத்தில் (நீபா) 2012 முதல் இயங்கும் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் இலவச இணையவழிப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. துறைத் தேர்வு மே, டிசம்பரில் வரும், இக்னோ பருவத் தேர்வு ஜூன், டிசம்பரில். டிசம்பரில் இரண்டையும் சேர்த்து எழுத நினைக்காதீர்கள், துறைத் தேர்வை முதலில் முடித்துவிடுங்கள்.