சிப் சாவியா, சாவியில்லா நுழைவா?

வெறும் உலோகச் சாவியை நம்பிய பழைய கார்களில், ஸ்டியரிங் பூட்டை உடைத்து அடியிலுள்ள வயர்களை இணைத்தாலே எஞ்சின் கிளம்பிவிடும். அந்த ஓட்டையை அடைத்தது, ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கிய இம்மொபிலைசர்: சாவிக்குள் இருக்கும் சிப் சரியான குறியீட்டைத் தந்தால்தான் எஞ்சின் இயங்கும், அதைப் படிக்கச் சாவி துவாரத்தையொட்டி இருந்தாக வேண்டும்.

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்து எஞ்சினைக் கிளப்பவிடும் சாவியில்லா நுழைவு கைவிட்டது இந்த நெருக்கத்தைத்தான். காரருகே நிற்கும் திருடன், அது சாவிக்கு அனுப்பும் ரேடியோ அழைப்பைப் பிடித்து, வீட்டு வாசலில் ஆன்டெனாவுடன் நிற்கும் கூட்டாளி வழியாக உள்ளே கிடக்கும் சாவிக்கு எட்டச்செய்தால், கதவும் திறக்கும், எஞ்சினும் கிளம்பும். கண்ணாடி உடையும் சத்தம்கூட எழாது. அசையாத சாவியை உறங்கவைக்கும் ஏற்பாடோ, சிக்னலின் பயண நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ நுட்பமோ இல்லாத கார் என்றால், வசதி சற்றுக் குறைந்தாலும் சிப் சாவியே என் தேர்வு.