முதுகைத் தட்டிச் சரி பண்றோம்னு 18,500 ரூபாய் வாங்கிட்டாங்க. டெல்டா பக்கத்து ஆளுங்க உஷாரா இருங்க

இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தேன். இன்னியோட நாலாவது தடவை, காசைத் திருப்பிக் கேட்டு அந்த கிளினிக் மாடிப்படி ஏறி இறங்கிட்டேன். இன்னிக்கு ஷட்டரே தொறக்கல. கீழ செல்போன் கடைப் பையன்கிட்ட கேட்டா, "ரெண்டு நாளா வரலண்ணே, கும்பகோணம் பக்கம் கேம்ப் போட்டிருக்காங்களாம்"ங்கிறான். அப்ப அங்க ஒரு மண்டபத்துல இன்னொரு அம்பது பேர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில உக்காந்திருப்பாங்க. அதான் கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. நடந்ததை முழுசா சொல்லிட்டு, இந்த மாதிரி எடத்துக்குப் போறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா போடுறேன்.

பேர் கேக்காதீங்க. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், புகார் போடுற வரைக்கும் பேர் எதுவும் எழுதிடாதீங்கன்னு சொல்லியிருக்காரு. கைரோபிராக்டிக்னு, அதாவது முதுகெலும்பைக் கையால அழுத்தித் திருகிப் பண்ற வைத்தியம்னு, போர்டு வச்ச கிளினிக். அவ்வளவுதான்.

குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு ஒம்பது நாள் காத்துக் கெடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போயிடுச்சுன்னா எடுக்க மாட்டாங்களே, அதனால பகல்ல காயப்போடுறது, சாயங்காலம் குவிக்கிறதுன்னு அதே வேலை. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மழை பிடிச்சுக்கிச்சு. தார்ப்பாயைக் காத்து தூக்குது. ஓரத்துல பாரம் வைக்கலாம்னு 40 கிலோ மூட்டை ஒண்ணைக் குனிஞ்சு தூக்கி அப்படியே திரும்பினேன். இடுப்புல கத்தி சொருகின மாதிரி ஒரு வலி. இடது கால்ல பாதம் வரைக்கும் சுரீர்னு இறங்குச்சு. அப்படியே நெல்லு மேலயே உக்காந்துட்டேன்.

மறுநாள் எங்க அத்தை சொன்னாங்கன்னு, பக்கத்து ஊர்ல காலால பொறந்த ஒருத்தர்கிட்ட போய் இடுப்பை மிதிச்சுவிடச் சொன்னேன். சிரிக்காதீங்க, நம்ம ஊர்ல இடுப்புப் பிடிச்சா யாரும் செய்யுறதுதான். வலி போகல. ஆனா அவர் வாங்கினது வெத்தலை பாக்கும் 11 ரூபாயும். இப்ப நினைச்சா அவர் மகராசன்.

அப்பறம் பத்து நாள் மருந்துக்கடையில மாத்திரை. அந்த நேரத்துலதான் டவுன்ல கல்யாண மண்டபத்துல "இலவச முதுகுத்தண்டு பரிசோதனை முகாம்"னு ஆட்டோவுல மைக் வச்சு சொல்லிட்டுப் போனாங்க. நோட்டீஸ் இன்னும் என்கிட்ட இருக்கு. முதுகுவலி, கழுத்துவலி, தலைவலின்னு ஆரம்பிச்சு ஆஸ்துமா, சுகர், பிரஷர், தைராய்டு, குழந்தைங்க படுக்கையில ஒண்ணுக்குப் போறது வரைக்கும் 32 வியாதி எழுதியிருக்கு. எல்லாம் "மருந்தில்லாமல், அறுவை சிகிச்சையில்லாமல்". அன்னிக்கு முதல் மூணைத்தான் நான் படிச்சேன்.

மண்டபத்துல மேசை மேல பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒண்ணு தொங்கவிட்டிருந்தாங்க. வெள்ளை கோட்டு போட்ட ஆளு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்லாப் பேசுறாரு. 1895ல அமெரிக்காவுல டேவன்போர்ட்ங்கிற ஊர்ல டி.டி.பால்மர்னு ஒருத்தர், காது கேக்காத ஒரு தொழிலாளிக்கு முதுகெலும்பை அழுத்திவிட்டாரு, உடனே காது கேட்டுச்சு, அன்னிக்குப் பொறந்ததுதான் இந்த வைத்தியம்னு கதை சொன்னாரு. "செவிடனுக்கே காது கேட்டுச்சுன்னா உங்க இடுப்பு எம்மாத்திரம் அண்ணே?" மண்டபமே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். பக்கத்து நாற்காலியில இருந்த பெரியவர் ஒருத்தர் எந்திரிச்சு, "தம்பி, அப்ப சுகர் மாத்திரையை நிறுத்திடலாமா?"ன்னாரு. "படிப்படியா பாப்போம் ஐயா, அவசரப்படாதீங்க"ன்னு பதில். நிறுத்தாதீங்கன்னு சொல்லல பாருங்க. அந்த வார்த்தை இப்ப உறைக்குது, அன்னிக்கு உறைக்கல.

என் முறை வந்துச்சு. குப்புறப் படுக்கச் சொன்னாரு. நான் எங்க வலின்னு வாயே தொறக்கல. கட்டைவிரலை முதுகுத்தண்டுல மேலேருந்து மெதுவா இறக்கிக்கிட்டே வந்து, இடுப்புக்கிட்ட நிறுத்தி ஒரு அழுத்து. "இங்கதானே அண்ணே?"

அங்கதான்! நான் ஏமாந்ததும் அங்கதான். சொல்லாமலே கண்டுபிடிச்சுட்டாரேன்னு ஒரு பிரமிப்பு. என் சம்சாரம்கூட கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, ஒரு கையால தோளைப் பிடிச்சு, முழங்காலை மடக்கித் திருகினாரு பாருங்க, கடக்னு ஒரு சத்தம். "கேட்டீங்களா? விலகியிருந்த எலும்பு எடத்துல போய் உக்காந்துடுச்சு." அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். அதுவும் உண்மை, மறைக்கல.

மறுநாளே கிளினிக்குக்குப் போய்ட்டேன். ஒரு சிட்டிங் 1,500, பதினஞ்சு சிட்டிங் ஒண்ணா கட்டினா 22,500க்கு பதிலா 18,500, "முகாம் சலுகை, இன்னிக்கு ஒரு நாள்தான்". நெல்லு காசு பேங்குல ஏறி நாலு நாள்தான் ஆச்சு. ஜிபேயில போட்டேன். திரையில கிளினிக் பேர் வரல, ஏதோ ஒரு தனி ஆள் பேர் வந்துச்சு. "அது எங்க அக்கவுண்ட்தான் சார்"னு கவுன்ட்டர் பொண்ணு சொல்லுச்சு. கவனிச்சீங்களா? காசு விழுற வரைக்கும் அண்ணே. விழுந்ததும் சார்.

மூட்டை ஒண்ணு ஆயிரம்னு வச்சாக்கூட பதினெட்டரை மூட்டை நெல்லு. மழையில ஓடி ஓடித் தார்ப்பாய் போட்டுக் காப்பாத்துன நெல்லு. 18,500.

ஒரு சிட்டிங்னா எவ்வளவு நேரம்னு நினைக்கிறீங்க? ஏழு நிமிஷம். எங்க வீட்டுப் பொண்ணு போன்ல பாத்தே சொல்லுச்சு. இடுப்பு வலிக்காரன் பதினாறு படி ஏறிப் போகணும், ஒரு மணி நேரம் உக்காந்திருக்கணும், ஏழு நிமிஷம் கடக் முடக், அட்டையில ஒரு சீல். பதினஞ்சு கட்டம் போட்ட அட்டை. மூணாவது சிட்டிங்லேயே காலு மரத்துப்போற மாதிரி இருக்குன்னு சொன்னேன். "வலி கூடினா நல்லது சார், உள்ள தேங்குன கழிவு வெளியேறுது"ன்னாரு. அஞ்சாவது சிட்டிங்ல, கேக்காமலே கழுத்தைப் பிடிச்சு ஒரு திருகு. இடுப்புக்கு வந்தவனுக்குக் கழுத்து எதுக்குய்யா? எறங்கி வர்றப்ப தலை கிறுகிறுன்னு சுத்தி, அந்தப் படியிலேயே பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன். ஆறாவது சிட்டிங் முடிஞ்ச மறுநாள் காலையில செருப்புப் போடுறேன், இடது கால் கட்டைவிரல் மேல தூக்க மாட்டேங்குது. செருப்பு கழண்டு விழுறதே தெரியல.

எங்க அக்கா மக பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்குது. அதுக்கு போன் போட்டேன். "மாமா, உடனே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு வாங்க, பேசிட்டு இருக்காதீங்க"ன்னுச்சு. அங்க டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம் இருக்கா? உக்கார்ற எடம் மரத்துப் போயிருக்கா?"ங்கிறதுதான். அதெல்லாம் இல்லைன்னதும் அவருக்கே ஒரு நிம்மதி. இருந்திருந்தா அன்னிக்கே ஆபரேஷனுக்கு ஓடணுமாம். இந்தக் கேள்வியை ஆறு சிட்டிங்ல அந்த ஆளு ஒரு தடவை கேக்கல. பழைய எக்ஸ்ரே இருக்கான்னுகூடக் கேக்கல. எம்ஆர்ஐ எடுத்தாங்க. நாலாவது இடுப்பெலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது. திருகுனதாலதான் கூடிச்சான்னு கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது, ஆனா கால் மரத்துப்போகுதுன்னு சொன்ன ஆளைப் பாக்காமத் திருகியிருக்கக் கூடாது"ன்னாரு. கழுத்து விஷயத்தைச் சொன்னதும் மூஞ்சி மாறிடுச்சு. அபூர்வம்தான், ஆனா கழுத்தைத் திருகி ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்களாம்.

அக்கா மக நியாயமான பொண்ணு, ஒரேயடியா திட்டல. "மாமா, இந்த வைத்தியமே பொய்யின்னு சொல்லாதீங்க. சாதாரண இடுப்புவலிக்கு இது கொஞ்சம் கேக்கும். அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒண்ணு 2017ல போட்ட வழிகாட்டுதல்லயே வெந்நீர் ஒத்தடம், மசாஜ், அக்குபங்க்சரோட இதையும் சேத்திருக்காங்க. கழுத்துவலிக்கு, கழுத்துலேருந்து வர்ற சில தலைவலிக்கு ஓரளவு கேக்கலாம். அங்க இதுக்குன்னே காலேஜுல நாலு வருஷம் படிக்கிறாங்க. ஆனா சுகர், ஆஸ்துமா, பிரஷருக்கெல்லாம் இது கேக்கும்னு ஆதாரம் கிடையாது"ன்னுச்சு. அந்தக் கடக் சத்தம்? மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல காத்துக்குமிழி உண்டாகிற சத்தமாம். விரல்ல சொடக்கு எடுக்கிறோமே, அதேதான். எலும்பு எங்கயும் போகவும் இல்லை, வந்து உக்காரவும் இல்லை. காது கேட்ட கதை? காது நரம்பு மண்டையோட்டுக்குள்ளயே மூளைக்குப் போயிடுது, முதுகுப் பக்கமே வர்றதில்லையாம். சொல்லாமலே வலியைக் கண்டுபிடிச்சாரே? "டிஸ்க் பிதுங்குறது பெரும்பாலும் இடுப்புல கடைசி ரெண்டு எடத்துலதான் மாமா. நீங்க காலை இழுத்துக்கிட்டு மேடை ஏறினதைப் பாத்தா நானே சொல்லிடுவேன்." அந்த ராத்திரி தூக்கம்? அதுக்கும் பதில் வச்சிருந்துச்சு, இந்த மாதிரி வலி முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரத்துல தானாவே குறையும், நடுவுல யார் தொட்டாலும் அவங்க கெட்டிக்காரங்க. சொடக்குச் சத்தத்துக்கு 18,500 குடுத்திருக்கேன்.

இனிமேதான் முக்கியமான கூத்து. மீதி ஒம்பது சிட்டிங் காசையாவது குடுங்கன்னு போனேன். முதல் தடவை, "டாக்டர் கேம்ப்ல இருக்காரு, திங்கக்கிழமை வாங்க." திங்கக்கிழமை போனா, பணம் விஷயம் எல்லாம் திருச்சி ஹெட் ஆபீஸ்தான்னு ஒரு நம்பர். அடிச்சா பாட்டு பாடுது, பாட்டு முடிஞ்சா கட் ஆகுது. வாட்ஸ்அப்ல எம்ஆர்ஐ ரிப்போர்ட் அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் விழல. மூணாவது தடவை கவுன்ட்டர்ல நின்னு சத்தம் போட்டேன். அந்த வெள்ளை கோட்டு உள்ளேருந்து எட்டிப் பாத்து, "யாரு நீங்க?"ன்னுச்சு. அண்ணேயும் போச்சு, சாரும் போச்சு. ரசீதைத் திருப்பிக் காட்டுறாங்க, ரோஸ் கலர் தாள், பின்னாடி எறும்பு சைஸ் இங்கிலீஷ்ல, கட்டின தொகை திருப்பித் தரப்பட மாட்டாதுன்னு இருக்கு. அதோட நின்னிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பொண்ணு சொல்லுது, "மீதி சிட்டிங்கை வீட்டுல வேற யாருக்காவது மாத்திக்கலாம் சார், அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தாக் கூட்டிட்டு வாங்க." எங்கம்மாவுக்கு 74 வயசு. போன வருஷம் கொல்லையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு, எலும்பு தேஞ்சுபோயிருக்குன்னு மாத்திரை சாப்பிடுறவங்க. அவங்களைக் கொண்டுபோய் இந்த ஆளு கையில குடுக்கணுமாம்!

நாலாவது தடவைதான் இன்னிக்கு. ஷட்டர்.

விவரமா எழுதுறேன்னேன், ஆனா இதுக்கு மேல உக்காந்தா காலு இழுக்குது. அக்கா மக சொல்லிக் குடுத்த பயிற்சியைப் பண்ணணும். சுருக்கமா சொல்லிடுறேன். பேக்கேஜ்னு மொத்தமா கட்டாதீங்க, அன்னன்னிக்குக் கட்டுங்க. காலு மரத்துப்போனா, விரல் தூக்க முடியலன்னா, ஒண்ணுக்கு ரெண்டுக்குல மாத்தம்னா எவன்கிட்டயும் முதுகைக் குடுக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. காய்ச்சலோட முதுகுவலி, எலும்பு தேய்ஞ்ச வயசானவங்க, புற்றுநோய் வந்தவங்களுக்கும் இதேதான். கழுத்தைத் தொட விடாதீங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க. சுகரைக் குணமாக்குறோம்னு விளம்பரம் போடுறதே 1954 சட்டப்படி குத்தம்னு வக்கீல் சொன்னாரு, அதனால நோட்டீஸைத் தூக்கிப் போடாதீங்க. நுகர்வோர் உதவிக்கு 1915ங்கிற நம்பருக்கு போன் போடுங்க. நுகர்வோர் கமிஷன்ல 5 லட்சத்துக்குள்ள கேஸுக்கு ஃபீஸ் கெடையாதாம், நம்ம மாவட்டத்துலயே போடலாமாம். நான் போடப் போறேன்.

அந்த முகாம்ல சுகர் மாத்திரையைப் பத்திக் கேட்ட பெரியவர், பச்சைக்கரை வேட்டி, தோள்ல காவித் துண்டு, நீடாமங்கலம் பக்கம்னு சொன்னாரு. அவர் வீட்டு ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, மாத்திரை சாப்பிடுறாரான்னு மட்டும் பாருங்க.