மச்சு வேலைக்கு அஞ்சு ஸ்டார், உண்ணி ஸ்ப்ரேவுக்கு அரை ஸ்டார் கூட கிடையாது

ஜெர்மனில காஸல் பக்கம் வீடு வாங்கப் போறவங்க, இல்ல ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க, இத ஒரு தடவ படிச்சிட்டு போங்க. வாஷ்பேர் விரட்டுற கம்பெனி ஒண்ணுக்கு நான் மொத்தம் 1,480 யூரோ அழுதிருக்கேன், அதுல 1,100 யூரோ வேலை நெஜமாவே அருமை, மிச்சம் 380 சுத்த தண்டம். கம்பெனி பேர் கேட்காதீங்க, சொல்லப் போறதில்ல, இந்த ஊர்ல இந்த வேலை பண்றவங்க கிட்ட ஆஃபர் (அதாங்க கொட்டேஷன்) வாங்குனா எதப் பார்க்கணும் எத வெட்டணும்னு தெரிஞ்சா போதும்.

வாஷ்பேர்னா ரக்கூன். ஜெர்மன்காரன் பாஷைல கழுவுற கரடி. மூஞ்சில திருடன் மாதிரி கறுப்புப் பட்டை, வால்ல வளையம் வளையமா, போட்டோல பார்த்தா கொஞ்சலாம் போல இருக்கும். பிப்ரவரி மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு அதே ஜந்து உங்க பெட்ரூமுக்கு மேல ஓடுச்சுன்னா பீரோவ யாரோ இழுத்துட்டு போற மாதிரி சத்தம் வரும், மொத நாள் நான் வீட்டுக்காரிய எழுப்பி திருடன்னே சொல்லிட்டேன். காலைல போய்ப் பார்த்தா மழைத்தண்ணி பைப்புல கீழேர்ந்து மேல வரைக்கும் சின்னக் குழந்தை சேத்துக் கைய வச்ச மாதிரி அஞ்சு விரல் தடம். எண்ணெய்ப் பிசுக்கு வேற. பைப்ப புடிச்சு மேல ஏறி, ஒரு ஓட்டத் தள்ளிட்டு உள்ள போயிருக்கு.

இது இந்த ஊரு மிருகமே இல்லங்க. வட அமெரிக்கா. 1934 ஏப்ரல்ல இங்கேர்ந்து ரொம்ப தூரமில்லாத ஏடர்ஸே ஏரிக்கரைல ரெண்டே ரெண்டு ஜோடிய வேணும்னே காட்டுல விட்டாங்க, காட்டுக்கு ஒரு புது மிருகம் சேரட்டுமேன்னு. ஹிட்லரோட மந்திரி கோரிங் தான் உத்தரவு போட்டான்னு பக்கத்து வீட்டு தாத்தா சத்தியம் பண்ணுவாரு, அது கட்டுக்கதை, விட்டது உள்ளூர் வன அதிகாரி. அப்புறம் 1945ல பெர்லினுக்கு கிழக்க வோல்ஃப்ஸ்ஹாகன்ல தோலுக்காக வளர்த்த பண்ணைல குண்டு விழுந்து இன்னும் ஒரு ரெண்டு டஜன் தப்பிச்சுது. இப்ப ஜெர்மனில வேட்டைக்காரங்க வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல சுடறாங்க, அப்பவும் குறையல. 2016லயே ஐரோப்பிய யூனியன் இத ஆக்கிரமிப்பு இனம்னு லிஸ்ட்ல போட்டாச்சு. காஸலுக்கு ஐரோப்பாவோட ரக்கூன் தலைநகரம்னே பேரு, வீடு விக்கும்போது அத மட்டும் எந்த புரோக்கரும் சொல்ல மாட்டான்.

சரி, வேலைக்கு வரேன். போன் பண்ண மூணாவது நாள் ஒருத்தர் வந்தாரு, ஐம்பது வயசு இருக்கும், ஷூவ வெளிய கழட்டிட்டு வந்தாரு (அதுக்கே ஒரு ஸ்டார்). மச்சுல, அதாவது ஓட்டுக்கு அடில இருக்குற பரண்ல, டார்ச் அடிச்சு பார்த்துட்டு மொத கேட்டது, "எப்பலேர்ந்து சத்தம்?" ஏன்னா ஏப்ரல் வாக்குல குட்டி போட்டுடும், குட்டி உள்ள இருக்கும்போது ஓட்டைய அடைச்சா தாய் கூரையவே பிச்சு எறியும், இல்ல குட்டி உள்ளயே செத்து நாறும். இப்ப பிப்ரவரி கடைசி, இந்த ரெண்டு வாரத்துல முடிக்கணும், விட்டா குட்டிங்க பெருசாகி கிளம்புற வரைக்கும் காத்திருக்கணும்னு நேரா சொன்னாரு. கூண்டு வச்சு புடிச்சுட்டு போங்களேன்னு கேட்டேன், ஒண்ண புடிச்சா அந்த எடத்துக்கு இன்னொண்ணு வரும், உங்க காசு எனக்கு சந்தோஷம் தான், ஆனா கூரை தொறந்தே தான் இருக்கும்னாரு. இந்தப் பேச்சுக்கு தான் நான் கவுந்தேன்.

வேலை ரெண்டு நாள். வெளிய போற பக்கம் மட்டும் தொறக்குற மாதிரி ஒரு பொறிக்கதவ ஓட்டை வாசல்ல மாட்டி, மூணு ராத்திரி விட்டு, மாவு தூவி தடம் பார்த்து, உள்ள ஒண்ணும் இல்லன்னு உறுதியானதும் கனமான கம்பி வலை வச்சு அடைச்சாரு. பைப்ப சுத்தி வழுவழுன்னு தகடு, ஒரு மீட்டர் உயரத்துக்கு, நகம் புடிக்காது. கூரைய தொட்டுக்கிட்டிருந்த வால்நட் மரக் கிளைய வெட்டினாரு. மச்சு மூலைல அது வழக்கமா போற கக்கூஸ் ஒண்ணு இருந்துச்சு, ஆமாங்க ஒரே எடத்துல தான் போகும், அத மாஸ்க் கிளவுஸ் போட்டு நனைச்சு, தூசி பறக்காம அள்ளி, கொதிக்கிற தண்ணி ஊத்தி சுத்தம் பண்ணாரு. அதுல உருளைப்புழு முட்டை இருக்கும், சாதாரண பினாயிலுக்கெல்லாம் சாகாது, சூடு தான் கொல்லும், மனுஷன் வயித்துக்குள்ள போனா மூளை கண்ணு வரைக்கும் போகக்கூடிய புழு. அந்த எடத்துல கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. 1,100ம் தகும், கண்ண மூடிட்டு கொடுங்க.

இப்ப அந்த 380.

வேலை முடிஞ்சு பில் போடும்போது ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன், "உங்க மச்சுல உண்ணி நிறைய விழுந்திருக்கும், ரக்கூன் காட்டுலேர்ந்து தூக்கிட்டு வரும், வீட்ல குழந்தை இருக்கு, போரேலியா (உண்ணி கடில ஏறுற லைம் நோய்க் கிருமி) வந்தா என்ன பண்ணுவீங்க, மச்சு முழுக்க ஸ்ப்ரே அடிச்சிடலாம்." குழந்தைன்னு சொன்னாலே நம்மாளு பர்ஸ் தானா தொறந்துக்கும்ல. சரின்னுட்டேன். அப்புறம் தான் உட்கார்ந்து படிச்சேன், படிச்சதும் வயிறு எரிஞ்சுது. இங்க மனுஷன கடிக்கிற காட்டு உண்ணிக்கு ஈரம் வேணும், காத்துல நல்ல ஈரப்பதம் இருக்கணும், ஓட்டுக்கு அடில காஞ்சு கெடக்குற மச்சுல விழுந்தா கொஞ்ச நாள்ல வத்தி செத்துடும். பொந்துலயே குடியிருக்குற முள்ளெலி உண்ணின்னு ஒரு ஜாதி இருக்கு, அது ரக்கூன் மேலயும் ஏறும், ஆனா அதுக்கும் மண்ணுப் பொந்து தான் சௌகரியம், அது மனுஷன கடிக்கிறதும் அபூர்வம். மச்சுல தெள்ளுப்பூச்சி வேணா மிஞ்சும்னு சொல்லியிருந்தா கூட ஒத்துக்கிட்டிருப்பேன்.

ரக்கூனுக்கு சம்பந்தமே இல்லன்னு சொல்லல. உண்ணி தன் ஆயுசுல மூணு வேளை தான் சாப்பிடும், லார்வால ஒரு தடவ, நிம்ஃப்ங்கிற நடுப் பருவத்துல ஒரு தடவ, பெருசானதும் ஒரு தடவ. போரேலியா கிருமி பெரும்பாலும் எலி ரத்தத்துலேர்ந்து தான் அதுக்குள்ள ஏறும். வயிறு முட்ட குடிச்ச பெண் உண்ணி கீழ விழுந்து ரெண்டாயிரம் முட்டை வரைக்கும் போடும். இப்ப ஹபிஷ்ட்ஸ்வால்ட் காட்டுல ஏறுன உண்ணி, ரக்கூன் முதுகுல டாக்ஸி புடிச்ச மாதிரி ஊருக்குள்ள வந்து, என் வேலியோரம் காய்ஞ்ச இலைக்குள்ள விழுந்தா அங்க கதை ஆரம்பம். நரியும் முள்ளெலியும் மானும் காலங்காலமா இதத் தான் பண்ணுது, ஆனா அதுங்க ரக்கூன் மாதிரி பைப்ப புடிச்சு வீடு வீடா ஏறி இறங்குறதில்லயே. கிழக்க பிராண்டன்பர்க் பக்கம் மார்டர்ஹுண்ட்னு இன்னொரு வந்தேறி, சோவியத்காரன் தோலுக்காக ஆசியாலேர்ந்து ஆயிரக்கணக்குல கொண்டு வந்து விட்ட ரக்கூன் நாய், அது நரி பொந்துலயும் பேட்ஜர் பொந்துலயும் போய் ஒண்டிக்கும், சொறியும் உண்ணியும் அங்க பங்கு போட்டுக்கும். ஆக ஆபத்து தோட்டத்துல, காசு வாங்குனது மச்சுக்கு.

அது நிரூபணமானதும் என் வீட்லயே தான். மே மாசம், மச்சு கம்முனு இருக்கு, ஸ்ப்ரே வாடை கூட போகல, பொண்ணு குளிச்சிட்டு வந்து "அப்பா இங்க அரிக்குது"ன்னா. முட்டிக்குப் பின்னாடி மடிப்புல கசகசா சைஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி. மச்சம்னு நெனச்சு விட்டிருப்பேன், போன் டார்ச்ச அடிச்சா கால் அசையுது. வேலியோரம் விளையாடினதாம்.

அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன், "வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விடுடா, மாட்டுக்கு அப்படித் தான் எடுப்போம், தானா கழண்டுக்கும்"னாங்க. அது மட்டும் வேணாங்க. எண்ணெயோ பசையோ நெருப்போ பட்டா உண்ணி திணறி உள்ள இருக்குறத கடிவாய்க்குள்ளயே கக்கிடும், கிருமியும் கூடவே. இதுக்கு நடுவுல அம்மா "உண்ணிக்காய்ச்சல்டா, வேலூர்ல ஊசி போட்டாங்களே"ன்னு பயந்துட்டாங்க, அது ஸ்க்ரப் டைபஸ், வேற கிருமி, அத பரப்புறதும் இந்த உண்ணி இல்ல, அதவிட பொடிசான ஒரு பூச்சியோட லார்வா. பேரு மட்டும் தான் ஒண்ணு.

அப்போதேக்ல (மருந்துக்கடை) 4 யூரோவுக்கு வாங்குன உண்ணி கார்டு பர்ஸ்லயே இருந்துச்சு, ஏடிஎம் கார்டு சைஸ், ஓரத்துல ரெண்டு வெட்டு, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. தோலோட ஒட்டி வச்சு மெதுவா தள்ளணும். கை கால்ல சமதளமான எடம்னா சூப்பர், ஆனா முட்டி மடிப்புல கார்டு வளையல, ரெண்டு தடவ வழுக்கிட்டு போச்சு, கடைசில கூர் முனை ட்வீசரால தோலுக்கு ஒட்டின மாதிரி புடிச்சு, முறுக்காம நேரா இழுத்தேன், தலையோட வந்துச்சு. அதனால கார்டுக்கு நாலு ஸ்டார், கூட ஒரு நல்ல ட்வீசர் வாங்கி வச்சுக்கங்க. கடிச்ச எடத்த பேனாவால வட்டம் போட்டு தேதி எழுதி போட்டோ எடுத்தோம். போரேலியா ஏற பெரும்பாலும் அரை நாளுக்கு மேல ஆகும், அன்னிக்கே எடுத்துட்டா பயம் கம்மி. சில வாரத்துக்குள்ள சிவப்பா வட்டம் படர்ந்தா டாக்டர்கிட்ட ஓடணும், ஆன்டிபயாட்டிக்ல சரியாயிடும், எங்களுக்கு ஒண்ணும் வரல. மூளைக்காய்ச்சல் குடுக்குற எஃப்எஸ்எம்இ வைரஸ் வேற கதை, அது உண்ணி எச்சில்லயே இருக்கறதால கடிச்ச உடனேயே ஏறிடும், தெற்கு ஹெஸ்ஸன், பவேரியா பக்கம் போறவங்க ஊசி போட்டுட்டு போங்க, மூணு டோஸ். போரேலியாவுக்கு மனுஷனுக்குப் போடுற ஊசி இப்ப கடைல இல்ல.

அந்த 380ஐ திருப்பிக் கேட்டு மெயில் போட்டேன், "தடுப்பு நடவடிக்கைக்கு பணம் திருப்பித் தர இயலாது"ன்னு ரெண்டு வரி பதில். கோபத்துல வேலியோரம் இலையெல்லாம் நானே வாரி, புல்ல ஒட்ட வெட்டி, பயோ குப்பைத்தொட்டிக்கு ரப்பர் பெல்ட் மாட்டினேன், 9 யூரோ ஆச்சு.

ஆனா தகட மட்டும் சும்மா சொல்லக்கூடாது, தங்கம். போன வாரம் ஜன்னல் வழியா பார்த்தேன், குண்டா ஒண்ணு பைப்ப கட்டிப் புடிச்சு ஏறுது, தகடு கிட்ட வந்ததும் சர்ருனு வழுக்கி தரைல உட்காருது, மூணு தடவ. அப்புறம் என்னைய ஒரு பார்வ பார்த்துட்டு பக்கத்து வீட்டு தாத்தா வீட்டு பைப்புக்கு போயிடுச்சு. மறுநாள் தாத்தா கம்பெனி நம்பர் கேட்டு வந்தாரு. கொடுத்தேன், என்னோட பழைய பில்லையும் சேர்த்து, கடைசில இருந்த ஸ்ப்ரே வரிய பேனாவால அடிச்சிட்டு.