மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ், நாலு நட்சத்திரம்

விடிகாலையில் செம்பனைத் தோட்டத்து வேலைக்கு மோட்டாரில் போன என் தம்பியை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமலே போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை, கால் முறிவு. கிளார்க் தங்கச்சி கேட்ட முதல் கேள்வியே "24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் போட்டீங்களாண்ணே?" நல்லவேளை, போட்டிருந்தோம்.

கார் கிடைக்காவிட்டால் யார் மேல் வழக்குப் போடுவது? மோட்டார் காப்புறுதி நிறுவனங்களின் கூட்டு அமைப்பான எம்ஐபியிடம் கருணைத் தொகை கேட்கலாம், ஆனால் அது உரிமை இல்லை, அவர்கள் மனசு வைத்தால்தான் என்று வக்கீல் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்தது. கார் பிடிபட்டால் வழக்குப் போட 6 வருடம் இருக்கிறதாம்.

அதைவிடப் பெரிய விஷயம், வேலைக்குப் போகிற வழியில் நடந்ததால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கோரலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு, நிரந்தர ஊனம் என்றால் அதற்குத் தனி. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள், நாங்கள் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு மறுபடி அலைந்தோம்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், ஆபீஸ் மாடியில், படிக்கட்டு செங்குத்து. கால் உடைந்தவன் எப்படி ஏறுவான்? அப்புறம், மதியத்துக்கு மேல் போனை எடுக்கவே மாட்டார்கள்.