இணைப்பா, கூட்டணியா: பிரிட்டன் காவல்துறையின் இரு சிக்கன வழிகள்

ஸ்காட்லாந்து தன் 8 வட்டாரக் காவல் படைகளை 2013 ஏப்ரல் 1 அன்று ஒன்றாக இணைத்தது. இங்கிலாந்தின் வெஸ்ட் மெர்சியாவும் வார்விக்‌ஷயரும் தனித்தனித் தலைமையை வைத்துக்கொண்டே பணிகளைப் பகிர்ந்துகொண்டன.

இணைப்பில் ஒரே வேலையைப் பல தலைமையகங்கள் செய்வது ஒழியும். ஆனால் உள்ளாட்சி அமைப்பிலிருந்து மைய நிதிக்கு மாறியதால், முன்பு திரும்பக் கிடைத்துவந்த மதிப்புக் கூட்டு வரியை 2018 வரை ஸ்காட்லாந்து காவல்துறை இழந்தது. சிக்கனம் தேடியதற்கு விந்தையான அபராதம்!

கூட்டணியில் உள்ளூர்க் கட்டுப்பாடு நிலைக்கும். எனினும் ஒரு தரப்பு அதிருப்தி கொண்டால் போதும்: 2018 அக்டோபரில் வெஸ்ட் மெர்சியா விலகுவதாக அறிவித்ததும், கணினிச் சேவை, தடயவியல் போன்ற பொதுப்பணிகளைப் பிரிப்பதே பெரும் சிக்கலாயிற்று. பின்புலப் பணிகளுக்குக் கூட்டணியே போதும் என்பது என் கருத்து. விலகல் விதிகளை மட்டும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.