கழற்றி மாற்றுகிற பற்றரி உள்ள பாட்டுப் பெட்டி: பல வருடம் பாவித்த பிறகு

பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர் வாங்கப்போகிறேன், எது நல்லது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் சத்தத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை வாட்ஸ், பேஸ் அதிருமா, கலர் லைட் எரியுமா. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பின்பக்கம் பற்றரி மூடி இருக்கிறதா, அதை நகத்தால் திறக்க முடிகிறதா? இல்லையென்றால் எனக்கு அந்தச் சாமானில் விருப்பமில்லை. அவசரக்காரர்கள் இத்தோடு எழும்பிப் போகலாம், மிச்சம் எல்லாம் அதற்கான காரணங்களும் கொஞ்சம் ஊர்க்கதையும்.

நான் பாவிப்பது மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடி மெயின் வீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கிற சின்னச் சீனப் பெட்டி. எஃப்எம் ரேடியோ, மெமரி கார்ட் போட ஒரு இடம், பென் டிரைவ் போட ஒரு இடம், இழுத்து நீட்டுகிற அன்டனா, முன்னால் இரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. பெயரைச் சொல்லிப் பயனில்லை, ஒரே பெட்டிக்கு மேலே வேறு வேறு பெயர் ஒட்டி வருகிறது. ரூபா விழ முதல் வாங்கியது என்பதால் மலிவாகக் கிடைத்தது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது, இதே பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அலுமாரிக்கே திருப்பிக் கொடுத்தேன்.

உள்ளே இருக்கிற பற்றரி பிஎல்-5சி. நோக்கியா 1100 வைத்திருந்த தலைமுறைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அதே தட்டைச் சதுரம்தான். 3.7 வோல்ட், ஆயிரத்துச் சொச்சம் மில்லி ஆம்பியர். அந்த ஃபோன்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன, பற்றரி மட்டும் இன்னும் எல்லா ஃபோன் கடைகளிலும் தொங்குகிறது. மேலே மூவாயிரம், நாலாயிரம் என்று அச்சடித்ததை நம்பவேண்டாம், அந்த அளவு உடம்புக்குள் அவ்வளவு கொள்ளாது. ஒன்று களைத்துப் போனால் கழற்றிவிட்டு அடுத்ததைப் போடுகிறேன், வேலை முடிந்தது. எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு புளூடூத் ஸ்பீக்கரும் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, சத்தத்தில் என்னுடைய பெட்டி அதன் கால்தூசிக்கும் வராது. ஆனால் அதன் பற்றரி உள்ளே வைத்து ஒட்டப்பட்டது, ஒருநாள் ஊதிக்கொண்டு வந்து உடம்பையே பிளந்துவிட்டது. திருத்துகிற தம்பி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது திறக்கிறதுக்குச் செஞ்ச சாமான் இல்ல" என்றார்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஃபோனின் சார்ஜை உயிர் மாதிரிக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதில் பாட்டுக் கேட்பது ஊதாரித்தனம். இந்தப் பெட்டியோ சார்ஜ் ஏற்றிய இரண்டு பற்றரிகளோடு அடுப்படி ஜன்னலில் இருந்து செய்தியும் பாட்டும் தந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில்தான் வீட்டில் எல்லோரும் இதற்குப் பழகினார்கள், பழகியதும் ஆளுக்கு ஆள் பங்கு கேட்கத் தொடங்கினார்கள்.

அப்படித்தான் கார்டுக்குள் ஒரு கலவை உண்டானது. அப்பாவின் ஃபோல்டருக்கு "76-92" என்று பெயர், இளையராஜா வந்த வருடம் தொடங்கி ரஹ்மான் வந்த வருடம் வரை. தங்கச்சியின் ஃபோல்டர் "92க்குப் பிறகு", அதில் பாதிக்கு மேல் அனிருத். அம்மாவுக்குப் பக்திப் பாட்டு. எனக்கு நம்முடைய இலங்கைத் தமிழ்ப் பழைய பொப் பாட்டுகள், கொஞ்சம் பைலா என்கிற ஆட்டப் பாட்டு, அதோடு மட்டக்களப்புப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள், கலியாண வீடுகளில் ஆடுகிற கஃப்ரிஞ்ஞா. பைலாவுக்கு அது பாட்டி முறை என்பது வயலினையும் அந்த 6/8 தாளத்தையும் ஒருதரம் கேட்டாலே விளங்கிவிடும், ஆனால் கொழும்பில் பைலா போட்டு ஆடுகிற பல பேருக்கு அப்படி ஒன்று எங்கள் பக்கத்தில் மிஞ்சி இருப்பதே தெரியாது.

இரண்டு அங்குல ஸ்பீக்கருக்குக் கீழ்ச்சுரம் வராது. குரல், வயலின், நாதஸ்வரம் எல்லாம் பளிச்சென்று வரும், அதற்குக் கீழே போனால் வெறும் காற்று. அதனால் அப்பாவும் தங்கச்சியும் வருடக்கணக்காகப் போட்ட சண்டையில் பெட்டி வெட்கமில்லாமல் அப்பா பக்கம் சாய்ந்துவிட்டது. எண்பதுகளின் பாட்டுகள் இதில் நிறைவாகக் கேட்கின்றன. தங்கச்சியின் பாட்டுகளில் அதிர வேண்டிய இடம் எல்லாம் டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, அவள் இப்போது ஹெட்ஃபோனுக்குப் போய்விட்டாள். பேஸ் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்தப் பெட்டி உங்களுக்கு இல்லை, நான் வற்புறுத்தமாட்டேன்.

அடுத்தது வரிசை. இந்தப் பெட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அ ஆ வரிசையும் ஏபிசி வரிசையும் இல்லை, எந்தப் பாட்டு முதலில் கார்டில் எழுதப்பட்டதோ அது முதலில் பாடும். ஒன்றை அழித்தால் அந்த வெற்றிடத்தில் அடுத்து வருகிற பாட்டுப் போய்க் குந்திக்கொள்ளும். ஃபோல்டர் பிரிப்பதற்கு முன்பு எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்த காலத்தில், இரண்டு தடவை ஏறியிருந்த ஒரு பிள்ளையார் பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு பைலா ஏற்றினேன். வெள்ளிக்கிழமை விடிய, அம்மா விளக்கு வைக்கிற நேரம், சரியாக அந்த இடத்தில் பைலா பிடித்தது. அம்மா, "என்னகா இது?" என்று கேட்டதோடு சரி, நிறுத்தச் சொல்லவில்லை. இதைத் தவிர்க்க வேண்டுமானால் கார்டை முழுதாக அழித்து, கேட்க விரும்புகிற ஒழுங்கிலேயே திரும்ப ஏற்ற வேண்டும். நான் அதைச் செய்வதை எப்போதோ விட்டுவிட்டேன், அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

உண்மையாகவே எரிச்சல் தருவது வேறொன்று: நிறுத்திய இடம் இதற்கு ஞாபகம் இருக்காது. நாலு நிமிடப் பாட்டுக்கு அது பரவாயில்லை, கூத்துக்கு? எங்கள் பக்கத்தில் ஆடிப் பாடி நடிக்கிற வடமோடிக் கூத்து அரங்கேற்றம் என்றால் இரவு தொடங்கி விடியும் வரை போகும். சொந்தக்காரப் பெடியன் ஒருவன் முதன்முதலாக ஆடியதை முழுக்க ஃபோனில் பதிவு செய்து எம்பி3 ஆக்கினேன், எட்டு மணித்தியாலம், 128 கிலோபிட்டில் 460 எம்பிக்குக் கிட்ட வந்தது. பெட்டியில் போட்டால் ஒவ்வொரு முறையும் தொடக்கக் கடவுள் வாழ்த்தான காப்பு விருத்தத்தில் இருந்துதான் தொடங்கும், சண்டைக்கட்டம் வர முதல் பற்றரி முடிந்துவிடும். கடைசியில் கணினியில் இருபது இருபது நிமிடத் துண்டுகளாக வெட்டினேன், இப்போது சரி. மத்தளத்தின் வலது பக்கமான வலந்தலைச் சத்தம் துல்லியமாக வருகிறது, கீழ்ச்சுரம் தருகிற தொப்பிப் பக்கம் மட்டும் நாம் மனதுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் குரலும் சலங்கையும் அந்தச் சின்னப் பெட்டியில் கேட்கிற அழகே தனி. சமைக்கிற நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றையும் நான் கேட்டதில்லை.

ரேடியோவாக எப்படி என்றால், நல்லது. 1998இல் சூரியன், சக்தி என்ற தமிழ் எஃப்எம் நிலையங்கள் தொடங்கியதில் இருந்து எங்கள் வீட்டில் எஃப்எம் ஓயவில்லை. அம்மா மட்டும் இலங்கை வானொலி தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்பார், அதன் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் வேகப் பேச்சை இப்போதும் மூச்சுவிடாமல் பேசிக் காட்டுவார். மலிவான எல்ஈடி பல்பும் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் இரையும், இரண்டடி தள்ளி வைத்தால் போய்விடும். கிரிக்கெட் நாட்களில் இதன் அருமை தெரியும், ஃபோனில் பார்க்கிறவனுக்கு விக்கெட் விழுந்த செய்தி அரை நிமிடம் பிந்தித்தான் வரும், அதற்குள் நாங்கள் கத்தி முடித்துவிடுவோம். நோன்பு காலத்தில் காத்தான்குடிக் கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோனால், வானொலியில் கொழும்பு நேரத்துப் பாங்கு சொல்ல முதலே அவர்கள் நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடிந்திருக்கும். கிழக்கில் சூரியன் ஏழு நிமிடமளவில் முந்தி மறைகிறது என்பதைப் பள்ளிக்கூடப் புவியியலில் படித்தபோது விளங்கியதைவிட அங்கேதான் எனக்கு நன்றாக விளங்கியது.

வெள்ளாமைக் காலத்தில், அதாவது நெல் விளைகிற நாட்களில், பெட்டி என்னுடையதில்லை. மண்முனைப் பாலத்தைத் தாண்டி வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போய்விடும், அப்பா வட்டையில், அதாவது வயல்வெளியில், காவலுக்குப் படுக்கிற வாடிக் குடிசையில் கம்பியில் தொங்கும். ஆள் சத்தம் கேட்டால் யானை ஒதுங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பழகிய யானைக்கு வெடியே கணக்கில்லை, பாட்டு எம்மாத்திரம்? ஆனால் நித்திரை வராமல் இருக்க உதவுகிறது என்கிறார், அது போதும். சேற்றிலும் பனியிலும் கிடந்து, ஒரு தடவை வரம்பில் இருந்து வாய்க்காலுக்குள்ளும் விழுந்து, வெயிலில் காய்ந்து எழும்பியிருக்கிறது. ஒட்டி மூடிய சாமான் என்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும், இதில் மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்ற முடிந்ததுதான் காப்பாற்றியது.

உப்புக்காற்றுக்குத்தான் இது தாக்குப்பிடிப்பதில்லை. எங்கள் ஊர் ஆரையம்பதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, எந்த இரும்பும் பிழைக்காது. பற்றரி தொடுகிற பித்தளைத் தகடுகள் பச்சை பிடிக்கும், பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் சரியாகும். சத்தம் கூட்டுகிற சில்லு மழைக்காலத்தில் கரகரக்கும், நாலு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றினால் அடங்கும். அன்டனா முறிந்து இப்போது ஒரு துண்டு வயர்தான் நிற்கிறது, அதுவும் வேலை செய்கிறது.

வாங்குகிறவர்கள் கார்டில் கவனமாக இருங்கள். 32 ஜிபிக்கு மேல் பெட்டி வாசிக்காமல் போகலாம், ஃபேட்32 முறையில் ஃபோமட் செய்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிற 64, 128 எல்லாம் பல நேரம் உள்ளே எட்டு ஜிபிதான், ஏற்றும்போது ஏறும், பிறகு பாதிப் பாட்டுகள் ஊமையாகக் கிடக்கும். கார்டை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்க்கிற இலவச மென்பொருள் இருக்கிறது, கடையை விட்டு வந்த அன்றே அதை ஓட்டுங்கள், பில் கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். சார்ஜ் ஏற்றுகிற இடம் டைப் சியாக இருந்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம், பழைய மைக்ரோ யூஎஸ்பி வாய் எங்கள் வீட்டில் ஆட்டம் கண்டுவிட்டது, அதனால் பற்றரியை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில்தான் ஏற்றுகிறேன். மூடி திறக்கிற பெட்டி என்பதால் அந்த வசதியாவது இருக்கிறது.