நாற்பது அடிப் பாலம், நான்கு மாரி

யோகட் கோப்பையிலிருந்து வெட்டி ஒட்டிய 88 கீலங்களில் ஒன்றுகூட இன்னும் கழரவில்லை. 2021 ஆவணியில் நான் செய்து முடித்த மாதிரிப் பாலம், தகரக் கூரைக்குக் கீழே நான்கு மாரியையும் அதே எண்ணிக்கைக் கோடையையும் கண்டுவிட்டது. செய்து முடித்த அன்று எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வன்னி வெயிலில் எது நிலைக்கும், எது கைவிடும் என்று சொல்ல இவ்வளவு காலம் தேவைப்பட்டது.

1990இல் நின்றுபோன புகையிரதம் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில். இடையில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. எங்கள் பக்கத்து ஓடையில் வெகுகாலம் எஞ்சி நின்றவை பாலத்தைத் தாங்கிய இரண்டு கற்சுவர்கள் மட்டுமே. அந்தச் சுவர்களை அளந்தும், அந்தப் பாதையில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்த அப்பாவைக் கேட்டும்தான் அளவுகளை எடுத்தேன். நாற்பது அடி நீளம், நான்கு அடி உயரம், இரும்புத் தகடுகளால் ஆன இரண்டு உத்திரங்கள்.

அடிக்கு 4 மில்லிமீற்றர், அதாவது 76இல் ஒரு பங்கு என்ற அளவில் செய்தேன். நமது அகலப் பாதை ஐந்தரை அடி. இந்த அளவில் மிகச் சரியாக 22 மில்லிமீற்றர் வருகிறது. கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். அதனால் பாலத்தோடு பாதையையும் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் அட்டையில் செய்து பார்த்தேன். ஐப்பசி மழைக்கே அது ஊதிவிட்டது. அதன் பிறகு கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய அரை மில்லிமீற்றர் பொலிஸ்டைரீன் தாளில் உத்திரங்களின் நடுத்தகடுகளை, அதாவது நிமிர்ந்து நிற்கும் தகடுகளை, வெட்டினேன். அந்தத் தாள் கொஞ்சம்தான் இருந்தது. சின்னத் துண்டுகளுக்கு அதை வெட்ட மனம் வரவில்லை. அப்போதுதான் யோகட் கோப்பை கைக்கு வந்தது.

அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருக்கும் கோப்பையை மட்டும் எடுங்கள். அது பொலிஸ்டைரீன். 5 என்றிருந்தால் அது வேறு பிளாஸ்டிக். பொலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் திரவம் அதில் பிடிக்காது. கோப்பை வட்டமானதுதான், ஆனால் அதன் சுவர் மேலிருந்து கீழாக நேராக ஓடுகிறது. நெடுக்காக ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் கீறி எடுத்தால் கீலம் வளைவில்லாமல் வரும். இரண்டு கீலங்களை எல் வடிவில் சேர்த்தால் ஒரு கோண இரும்பு. நடுத்தகடு நெளியாமல் அதை விறைப்பாகப் பிடித்து நிற்பவை இந்தக் கோணங்கள்தான். நான்கு அடிக்கு ஒன்றாகப் பதினொரு இடங்கள், தகட்டின் இரு முகங்கள், இரண்டு உத்திரங்கள்: மொத்தம் 44 கோணங்கள்.

நாற்பத்து நான்கும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். கால் மில்லிமீற்றர் பிசகினாலும் வரிசையாக நிற்கும்போது கண்ணில் குத்தும். தச்சுப் பட்டறையில் கிடைத்த முதிரைத் துண்டில் ஒரு பள்ளம் செதுக்கி, முனையில் தடுப்பு வைத்து, கீலத்தைத் தடுப்பு வரை தள்ளி சவர பிளேட்டால் ஒரே அழுத்தில் வெட்டினேன். இத்தனை சாமான்களில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டையைத்தான். மழைக்கும் வெயிலுக்கும் முதிரை அசையவில்லை. மூன்றாம் ஆண்டில் பிளேட் விழும் இடம் தேய்ந்து, துண்டுகள் சற்று நீளமாக வரத் தொடங்கின. கட்டையைப் புரட்டி மறுபக்கத்தில் புதிய பள்ளம் செதுக்கினேன்.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். முதல் உத்திரத்தின் நடுத்தகட்டை இரண்டு தாள்களைப் பொருத்திச் செய்தேன். இடையில் ஒட்டுத் திரவத்தைத் தாராளமாகப் பூசியதுதான் பிழை. அந்தத் திரவம் இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாக வெளியேற வேண்டும். இரண்டு தாள்களுக்கு நடுவே அகப்பட்டால் வெளியேற மாதக்கணக்காகும். தை மாதம் நேராக இருந்த உத்திரம் ஆடியில் வாழைப்பழம்போல வளைந்திருந்தது. இப்போது திரவத்தை விளிம்பில் மட்டும் மெல்லத் தொடுகிறேன். கண்ணாடித் தட்டில் பாரம் வைத்து இரண்டு கிழமை விட்ட பிறகே கோணங்களை ஒட்டுகிறேன்.

ரிவெட் தலைகளுக்குக் குளிர்பானப் பேணியின் அலுமினியம் நல்லது. வெட்டிய பட்டையை நெருப்பில் ஒருமுறை காட்டினால் இளகிவிடும். பழைய சைக்கிள் டியூப்பின் மேல் கவிழ்த்து வைத்து, பழுதான மணிக்கூட்டின் பற்சில்லு ஒன்றை அடிமட்டத்தின் ஓரமாக உருட்டினேன். பற்கள் பதிந்த இடமெல்லாம் மறுபக்கத்தில் சீரான புள்ளிகளாக எழுந்தன. பட்டைகளை முதலில் உடனடிப் பசையால் ஒட்டினேன். இரண்டாம் மாரியில் ஓரங்கள் எழும்பிவிட்டன. பின்பக்கத்தை அரத்தாளால் உரசி, இரண்டு குழாய் எப்பொக்சியால் ஒட்டியவை இன்றுவரை அசையவில்லை.

தண்டவாளம் தந்த பாடம் வேறு. பிளாஸ்டிக் வெயிலில் உலோகத்தை விட நான்கு மடங்கு வரை விரியும். பாலத்தின் இரு முனைகளையும் மேடைக்கு ஒட்டியிருந்தேன். முதல் பங்குனியிலேயே தண்டவாளம் நடுவில் சிலிப்பர் கட்டையை விட்டுக் கிளம்பிவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். “தம்பி, உண்மையான பாலத்திலும் ஒரு முனைதான் இறுக்கம். மற்ற முனையில் ஆணித்துளை நீளமாக இருக்கும், இரும்பு நகர வேண்டும்” என்றார். நாற்பது அடி இரும்பு, வெப்பம் 30 பாகை மாறினால் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளும். நானும் ஒரு முனையின் ஒட்டை அறுத்துவிட்டேன். அதன் பிறகு தண்டவாளம் கிளம்பவில்லை.

அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. பாலத்தை மடியில் வைத்து விரல் நுனியால் தடவித்தான் பார்க்கிறார். நடுவிலுள்ள கோணங்கள் உத்திரத்தின் ஓரத்தில் நெடுக ஓடும் விளிம்புக் கோணத்தின் மேல் சற்று வளைந்து ஏறுவதைத் தொட்டு, சரி என்றார். முனைக்கு வந்ததும் விரல் நின்றது. “இங்கே வளைத்திருக்கக் கூடாது. பாரம் முழுவதும் இறங்கும் இடம் இது. அடியில் தகடு வைத்து நிரப்பி, கோணத்தை நேராக நிறுத்த வேண்டும்.”

அவர் சொன்னதுதான் சரி. இரு முனைகளிலும் உள்ள எட்டுக் கோணங்களையும் பிளேட்டால் சீவி எடுத்துப் புதிதாகச் செய்கிறேன். ஒரு உத்திரத்தில் நான்கும் முடிந்துவிட்டன. நிரப்பும் துண்டு 0.4 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். கோப்பைச் சுவரும் அதே தடிப்பு. மற்ற உத்திரத்துக்கான கோப்பை கழுவிக் காய்ந்துகொண்டிருக்கிறது.